மூடியைக் கழற்றினால் மழைக்காலம்!

வீட்டு ஏ.சி.யின் முன்மூடியை இரண்டு கையாலும் பிடித்து, கிளிப்பைத் தட்டி, மெல்ல மேலே தூக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம் போலிருக்கிறது எனக்கு. திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பங்குனி கடைசி. கத்திரி தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சென்னையின் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கோ இப்போதே தூக்கம் போய்விட்டது. அவர்களில் ஒருவர், “ஓரமா நின்னு பாக்கறதுன்னா வாங்க சார். தண்ணி தெறிக்கும், பரவால்லையா?” என்று கேட்டார். அந்தத் தண்ணீரைப் பார்க்கத்தானே வந்ததே!

கூட வந்த பையன் ஜெட் பம்பை இறக்கிவைத்தான். இண்டோர் யூனிட்டின் அடியில் ஒரு பெரிய நீலப் பையைக் கட்டி, அதிலிருந்து தொங்கிய குழாயை பக்கெட்டுக்குள் விட்டான். சுவரில் ஒரு சொட்டுப் படாமல் வேலையை முடிக்க இந்த ஏற்பாடு. மெக்கானிக் மூடியைக் கழற்றினார், ஃபில்டர் வலையை உருவினார். அதற்குப் பின்னால், ஆஹா, அலுமினியத் தகடுகள்! தாள் கனம்கூட இல்லாத நூற்றுக்கணக்கான தகடுகள், நடுவே நகக்கண் நுழையாத இடைவெளி, அத்தனையையும் ஊடுருவிக்கொண்டு செப்புக் குழாய்கள். கூலிங் காயில் என்பது இதுதான். விரலால் லேசாக அழுத்தினாலே தகடு மடங்கிவிடும். பையன் கையில் வைத்திருந்தது பழைய பல்துலக்கும் பிரஷ். மேலிருந்து கீழாக மட்டுமே தேய்த்தான், ஒரு தடவைகூடக் குறுக்கே போகவில்லை.

அதற்கும் உள்ளே இருப்பதுதான் ப்ளோயர். இண்டோர் யூனிட்டின் முழு நீளத்துக்கும் கிடக்கும் உருளை அது, சுற்றிலும் வளைந்த சின்னச் சின்ன இதழ்கள். மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். ஒவ்வொரு இதழின் குழிவிலும் கறுப்பாக அப்பியிருந்தது. தூசி, முடி, சமையலறை எண்ணெய்ப் புகை, பூஞ்சை எல்லாம் ஈரத்தில் குழைந்து இறுகிப்போன படலம். இதழின் வளைவு அடைபட்டால் காற்றை வாரி வீச முடியாது. “கேஸு கம்மி ஆயிடுச்சுன்னு கூப்பிடறவங்க நெறைய பேர் வீட்ல நெஜத்துல இதான் சார் பிரச்சனை” என்றார். ஜெட் பம்பு சீறியது. முதல் பக்கெட்டை எட்டிப் பார்த்தேன். கன்னங்கரேல்!

வீட்டுக்காரம்மா பதறிப்போனார். “போன வருஷந்தானே சர்வீஸ் பண்ணீங்க தம்பி?”

“ஃபில்டரக் கழுவுறீங்களாக்கா, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ?”

அக்கா பதில் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் நிலவரம் இதுதான். மூடியிருக்கும் அறையின் காற்று மொத்தமும் மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை இந்தப் பெட்டிக்குள் போய் வருகிறது. இரவு முழுக்கப் போர்வையிலிருந்து பறக்கும் இழைகளுக்கும் நம் தோலிலிருந்து உதிரும் துகளுக்கும் இருக்கும் ஒரே தடுப்பு அந்த ஃபில்டர் வலைதான். அதைக் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டப் பத்து நிமிடம் போதும். ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவையில்லை.

தூசி மட்டும் என்றால் பறந்து போய்விடும். அப்பிக்கொள்வதற்குக் காரணம் தண்ணீர். என்னை மெய்யாகவே துள்ள வைத்ததும் அந்தத் தண்ணீர்தான். ஒரு கணக்குப் போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, உயரம் பத்தடி. வெப்பம் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம். சென்னைக் கடலோரத்தில் இது வெகு சாதாரணம். அந்த அறைக் காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட முக்கால் லிட்டர்! நாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் அறையில், தலைக்கு மேலே, சோபாவுக்கு அடியில், முக்கால் லிட்டர் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் இந்தக் காற்று அங்கே நீராகப் படியும். கூலிங் காயிலோ பத்து டிகிரியை ஒட்டி இருக்கிறது. அந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே விடாமல் மழைதான்!

ஏ.சி. பிறந்ததே இந்த மழைக்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். கோடைக்காலப் புழுக்கத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறத்தை அச்சடித்தால் இடம் விலகிப்போகும். இதற்கு வழி தேடச் சொல்லி வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினீயரிடம் கொடுத்தார்கள். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் ஏற்பாட்டை அவர் வடிவமைத்தார். மனிதர்கள் சுகமாகத் தூங்குவது அன்றைக்கு யார் மனதிலும் இல்லை, கவலை காகிதத்தைப் பற்றித்தான். மேற்கு மாம்பலத்துப் படுக்கையறையில் பனியனோடு படுத்தவுடன் உடம்பு லேசாகிறதே, அந்தச் சுகத்தில் பெரும்பங்கு இந்தப் பிழிதலுக்குச் சேரும். சாயங்காலம் கடல்காற்று வருகிறதே என்று பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.சி.யையும் ஓடவிட்டால் அது திணறுவதற்கும் இதுவே காரணம். பாவம், வங்காள விரிகுடாவையே பிழியப் பார்க்கிறது அது.

பிழிந்த தண்ணீர் காயிலுக்கு அடியில் இருக்கும் தட்டில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே போக வேண்டும். மெக்கானிக் தட்டை வழித்துக் காட்டினார். நறுக்கிய வெண்டைக்காய்ப் பசை போல நூல்நூலாக இழுத்தது. ஈரத்தில் வளர்ந்த பூஞ்சையும் கிருமிகளும் சேர்ந்த கூழ் அது. பைப்பின் வாயை இது அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி, சுவரில் வழியத் தொடங்கும். “ஏ.சி. தண்ணி ஒழுகுது” என்று வரும் போன்களில் பெரும்பாலானவை இதற்குத்தானாம். சரிசெய்ததும் ஒரு மக்குத் தண்ணீரைத் தட்டில் ஊற்றிவிட்டு, அந்தப் பைப் போய் முடியும் பாத்ரூமுக்குப் பையனை அனுப்பினார். “வருதாடா?” “வருதுண்ணே!” அவ்வளவுதான் பரிசோதனை. சர்வீஸ் முடிந்ததும் இந்த ஒரு மக்கை நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு செய்தி. ஏ.சி.யின் எலெக்ட்ரானிக் போர்டைப் பறிகொடுக்க வைப்பவற்றில் நம் ஊர்ப் பல்லிக்கு முக்கிய இடம் உண்டு! கதகதப்பைத் தேடி உள்ளே போகும், இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் மிதிக்கும், கதை முடிந்தது. சுவரில் பைப் போகும் ஓட்டையை வெள்ளை சிமெண்டோ பட்டியோ வைத்து அடைத்துவிட்டால் பல்லியும் பிழைக்கும், போர்டும் பிழைக்கும்.

அடுத்தது அவுட்டோர். அது தொங்குவது ஜன்னலுக்கு வெளியே, மூன்றாவது மாடி உயரத்தில், கால் வைக்க ஒன்றரை அடி சன்ஷேடு. பையன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புது வீடு கட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒரு மனிதன் நிற்க இடமும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அங்கே இருக்கட்டும். முகப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யாருடைய பிள்ளையையும் அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. விரலால் தொட்டதும் உதிர்ந்ததைப் பையன் எனக்கு ஜன்னல் வழியே நீட்டிக் காட்டினான். அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது ஆயுளை நீட்டிக்கும். நீலப் பூச்சுக் கொடுத்த காயிலும் கொஞ்சம் தாங்கும்.

இந்தப் பெட்டிக்குள்தான் கம்ப்ரஸர் இருக்கிறது. அது செய்வதைக் கேளுங்கள்! இப்போது பரவலாக வரும் ஆர்-32 வாயு திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும். வீட்டுக்குள் இருக்கும் காயிலில் அவுட்டோரைவிட அழுத்தம் குறைவு என்பதால், பத்து டிகிரியை ஒட்டியே கொதித்து அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே கம்ப்ரஸர் அதைக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ முப்பது மடங்குக்கு நெருக்குகிறது. ஐம்பது டிகிரியில் அது மறுபடி திரவமாகும்போது, உறிஞ்சிய வெப்பம் முழுவதையும் கொட்டிவிடுகிறது. 40 டிகிரி வெயிலுக்குள்ளேயே வீட்டு வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது! குளிரை யாரும் தயாரிக்கவில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வாயு ஒரு மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பெட்ரோல் மாதிரி செலவாவதில்லை. ஆகவே “வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ணணும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்திருந்தால் எங்கோ லீக். நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழ் வரும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வேக்குவம் பம்பு போட்டு உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, வாயுவை எடை போட்டு ஏற்ற வேண்டும். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-32 கார்பன் டை ஆக்ஸைடைப் போல 675 மடங்கு சக்தி கொண்டது. தீப்பற்றவும் கூடியது. லீக்கை விட்டுவிட்டு மேலும் மேலும் ஏற்றுவது யாருக்கும் நல்லதில்லை.

அவுட்டோரின் ஸ்டிக்கரில் ‘1.5 டன்’. “டன்னுன்னா எடை இல்ல சார், ஐஸு” என்றார் மெக்கானிக். அப்படியே குதித்துவிட்டேன்! ஒரு டன் பனிக்கட்டி ஒரே நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் ஏ.சி.யின் வேகம். இது அமெரிக்காவின் 2,000 பவுண்டு டன். அப்படியானால் இந்த ஏ.சி. முழு மூச்சில் ஒரு நாள் ஓடினால், சுமார் 1,360 கிலோ பனிக்கட்டியை அறைக்குள் உருகவிட்டதற்குச் சமம். இந்தக் கணக்கின் பழைய சொந்தக்காரர் இதே கரையில் இருக்கிறார். மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸை 1842-ல் கட்டியவர் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர். மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் மாதக்கணக்காகக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். கப்பல் கொண்டுவந்த குளிர்ச்சியை இன்றைக்கு ஒரு செப்புக் குழாய் தருகிறது. அதுவும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தைத் தூக்கிப்போட்டு!

ஒன்றரை டன் எதற்கு, அறை சின்னதுதானே என்றேன். மெக்கானிக் பதில் சொல்லாமல் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். மணி இரண்டு. செருப்பைக் கழற்ற முடியாது. அறைக்கு நேர் மேலே இருந்தது வெறும் சிமெண்ட் தளம். பகல் முழுக்கக் குடித்த வெயிலை கான்கிரீட் சில மணி நேரம் தாமதமாகவே கீழே இறக்கும். அதனால்தான் இரவு ஒன்பது மணிக்கு, வெயில் போய் வெகுநேரம் கழித்தும், மேல்மாடி வீட்டுக் கூரை அனல் வீசுகிறது. ஏ.சி. அப்போது உங்களோடு சேர்த்துக் கூரையையும் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. பழைய மெட்ராஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை பூசி, மேலே தட்டோடு பதித்தார்கள். அந்தக் கனம் வெப்பத்தை நெடுநேரம் தடுத்து வைத்தது. இன்றைக்கு அது முடியாவிட்டால், வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். தளத்தின் சூடு கண்கூடாகக் குறையும். ஏ.சி.யில் கூடுதலாக அரை டன் வாங்குவதற்கு முன் மொட்டைமாடிக்கு ஒரு நடை போய் வரச் சொல்வேன் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றி விடுகிறது. வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு, இரண்டு பேர் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு தூங்கும் சின்ன அறையில் விடிவதற்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். படுக்கப்போகுமுன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தாலும் நல்லது.

2020 ஜனவரி முதல், ஸ்டார் முத்திரை பெற்ற ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைக்கும்போதும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. படியிறங்கும்போது மெக்கானிக்கிடம் கேட்டேன். “உங்க வீட்ல எத்தனைல வைப்பீங்க?”

“இருபத்தேழு சார். ஃபேன் ரெண்டுல ஓடும். புள்ளைங்க போர்வை கேக்கும்!” என்றார். அதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது. அடையாறில் யாருக்கோ சுவரில் தண்ணீர் வழிகிறதாம்.