ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு அழைப்புகள்: குற்றவாளி அரசியல்வாதியா, முதலாளித்துவமா?



சென்ற மாதம் நமது வியாழன் இரவு நிகழ்ச்சியைக் கேட்டிருந்தால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுச் செலவுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய நாங்கள் தண்ணீர்க் கட்டணத்தில் வந்து நின்றுவிட்டோம். முதலில் ஒரு அண்ணை அழைத்தார். "தம்பி, இது முழுக்க அரசியல்வாதியள் செய்த வேலை. அங்கையும் நாட்டைத் திண்டது அவங்கள்தான், இங்கையும் அவங்கள்தான்" என்றார். பத்து நிமிடம் கழித்து ஒரு இளம்பிள்ளை அழைத்தாள். "அங்கிள், ஆளை மாத்தினா ஒண்டும் மாறாது. பிரச்சினை முதலாளித்துவம்தான்" என்றாள். சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் சோசலிஸ்ட் பத்திரிகை விற்கும் மேசையில் தான் நிற்பதாகவும் சொன்னாள்.

இரண்டு அழைப்பும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். தகப்பன் குசினியில் இருந்து எடுத்திருக்கிறார், மகள் மேல்மாடியில் இருந்து எடுத்திருக்கிறாள்!

அடுத்த நாள் அந்த அண்ணை என்னைத் தனியாக அழைத்தார். குரலில் முதல் நாள் இருந்த வேகம் இல்லை. "தம்பி, அவள் உந்த மேசையில நிண்டு ஆக்களிட்டைக் கையெழுத்து வாங்கிறாள். தன்ர பேரையும் எழுதிறாள். பட்டியலில பேர் இருந்த பிள்ளையளுக்கு ஊரில என்ன நடந்தது எண்டு நான் கண்ணால கண்டவன். நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ" என்றார். அரசியலா முதலாளித்துவமா என்ற விவாதத்துக்குப் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். எங்கள் வீடுகளில் இந்தப் பயம் இல்லாத வீடு குறைவு. எனவே இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நான் வணிகம் படித்தவன், பகலில் கணக்காளர். கோட்பாட்டைவிட எனக்கு ஐந்தொகைதான் வசதி. ஆகவே அவர்கள் இருவரும் சண்டை பிடித்த அதே தண்ணீரையே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பத்துப் பிராந்தியத் தண்ணீர் அமைப்புகளையும் தாட்சர் அரசாங்கம் 1989இல் தனியாருக்கு விற்றது. விற்பதற்கு முன் அவற்றின் ஏறக்குறைய 5 பில்லியன் பவுண்ஸ் கடனை அரசே தள்ளுபடி செய்து, மேலதிகமாக 1.5 பில்லியன் பவுண்ஸ் பணமும் கொடுத்தது. சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்த மாதிரித்தான். உண்மையில் அந்தப் பணத்தை ஆங்கிலப் பத்திரிகைகளும் "பச்சைச் சீதனம்" என்றுதான் எழுதின. ஆகத் தனியார் கையில் போனபோது அந்தக் கம்பனிகளின் ஐந்தொகையில் கடன் என்ற பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது.

இலண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வோட்டரை 2006இல் அவுஸ்திரேலிய முதலீட்டு வங்கியான மக்வாரி தலைமையிலான கூட்டு வாங்கியது. அவர்கள் 2017இல் முழுமையாக வெளியேறினார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் கம்பனியின் கடன் சுமார் 3.4 பில்லியனில் இருந்து 10 பில்லியன் பவுண்ஸுக்கு மேலே போனது. அதே காலத்தில் பங்குதாரருக்குப் பெருந்தொகை பங்கிலாபமும் போனது.

இது எப்படி முடியும் என்று நிகழ்ச்சியில் ஒருவர் கேட்டார். எங்கள் ஆட்களுக்குக் கடைக் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும். கடன் இல்லாத கடை ஒன்றை வாங்குகிறீர்கள். அந்தக் கடையையே ஈடு வைத்து வங்கியில் கடன் எடுக்கிறீர்கள். எடுத்த காசில் ஒரு பங்கைக் கூரை திருத்தவும் இன்னொரு பங்கை உங்கள் சொந்த வருமானமாகவும் எடுத்துக்கொள்கிறீர்கள். வட்டியைக் கடையின் செலவாகக் காட்டுவதால் வரியும் குறைகிறது. பத்து வருடத்தில் கடையை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போய்விடுகிறீர்கள். கடன் கடையோடு நிற்கிறது. சாதாரணக் கடை என்றால் விலையைக் கூட்டியதும் சனம் அடுத்த கடைக்குப் போய்விடும். தண்ணீர்க் குழாயில் அடுத்த கடை கிடையாது. இதில் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது. விலையையும் கணக்கையும் பார்க்க அரசு வைத்த ஒஃப்வட் என்ற அமைப்பு பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியும். அந்தக் கடனில் பெரும்பகுதி பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் வகையானது. 2022 ஒக்டோபரில் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டபோது கடனும் தானாக வீங்கியது. 2024 மார்ச்சில் பங்குதாரர்கள் முன்னர் பேசிய 500 மில்லியன் பவுண்ஸைப் போட மறுத்தார்கள். 2025 பெப்ரவரியில் 3 பில்லியன் வரையான அவசரக் கடனுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. வட்டி 9.75 வீதம்! அந்த ஏப்ரலில் அதன் வாடிக்கையாளரின் சராசரிக் கட்டணம் 31 வீதத்தால் கூடி 639 பவுண்ஸ் ஆனது. அடுத்த மாதமே, மே 2025இல், கழிவுநீரை ஆறுகளில் விட்டதற்கும் முறையற்ற பங்கிலாபம் கொடுத்ததற்கும் ஒஃப்வட் 122.7 மில்லியன் பவுண்ஸ் தண்டம் விதித்தது.

இதுவரை வாசித்தவர்கள் மகள் வென்றுவிட்டாள் என்று நினைப்பீர்கள். அவள் பக்கம் இன்னொரு சாட்சியும் உண்டு. 1997 முதல் 2010 வரை ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. மக்வாரி வாங்கியது அவர்கள் காலத்தில். கட்சி மாறியது, பிரதமர் மாறினார், கணக்கு மாறவில்லை. ஆளை மாற்றினால் ஒன்றும் மாறாது என்று அவள் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் "முதலாளி" என்று அவள் யாரைச் சொல்கிறாள் என்று பார்க்கப் போனால் கொஞ்சம் சிக்கல் வருகிறது. மக்வாரி போன பிறகு அந்தக் கம்பனியின் மிகப்பெரிய பங்குதாரர் யார் தெரியுமா? கனடாவின் ஒன்ராறியோ மாகாண உள்ளூராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான ஓமர்ஸ். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. அடுத்த பெரிய பங்குதாரர்களில் ஒன்று இங்குள்ள பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. அதாவது ரொறன்ரோ மாநகரசபையில் வேலை செய்யும் உங்கள் மச்சானின் பென்சன் காசு இலண்டன் தண்ணீர்க் குழாய்க்குள் ஓடியது. அந்தக் காசும் போய்விட்டது, ஓமர்ஸ் 2024இல் அந்த முதலீட்டின் பெறுமதியைப் பூச்சியமாக எழுதிவிட்டது. சுருட்டுப் பிடித்துத் தொப்பி போட்ட முதலாளியைக் கேலிச்சித்திரத்தில் தேடுகிறோம். இங்கே அவர் இடத்தில் எங்கள் மச்சான் நிற்கிறார், அதுவும் தனக்கே தெரியாமல். இதை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "அதைத்தான் அங்கிள் நானும் சொல்லுறன். ஒரு ஆளின்ர கெட்ட குணம் இல்லை இது, அமைப்பு" என்றாள். கெட்டிக்காரி.

சரி, தகப்பன் ஏன் அரசியல்வாதியை விட்டு நகர மறுக்கிறார்? அது வெறும் பிடிவாதம் இல்லை. அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரியான செம்மண் ஊர். 1970இல் சிறீமாவோ அம்மையாரின் கட்சியோடு சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. அந்தக் காலத்தில் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் கட்டுப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். எங்கள் அப்பா வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டு, விலை ஏறும் வரை காத்திருப்பார். வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்டது செத்தல் மிளகாய்க் காசில். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன வந்து திறந்த பொருளாதாரம் என்றார். இறக்குமதி மிளகாய் வந்தது, எங்கள் மிளகாயின் விலை விழுந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா சாக்கின் மேல் இருந்து ஒன்றும் பேசாமல் இருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அப்படியானால் இடதுசாரிகள் நல்லவர்கள் என்றுதானே எங்கள் ஊர் சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. மிளகாய்க்கு விலை தந்த அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. 1972 அரசியலமைப்பைத் தயாரித்த அமைச்சர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பேசிய அதே மனிதர்தான். சோசலிசம் பேசியவர்கள் கையாலேயே அடி வாங்கிய ஒருவர், மகள் சோசலிஸ்ட் மேசையில் நிற்கும்போது "அமைப்பு" என்ற சொல்லை நம்ப மாட்டார். ஒப்பம் வைத்த கையைத்தான் பார்ப்பார். பின்னர் 2022 வந்தது. நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2023 நவம்பரில் இலங்கை உயர்நீதிமன்றமே ராஜபக்ஷ சகோதரர்கள் உட்படப் பலர் பொருளாதாரச் சரிவுக்குப் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அண்ணை அந்தத் தீர்ப்பைத் தொலைபேசியில் எனக்கு ஒருமுறை முழுவதுமாகச் சொல்லிக் காட்டினார்.

இருவரும் தங்கள் தங்கள் சாட்சியோடு நிற்க, நான் அவர்களை ஸ்கொட்லாந்துக்கு அழைத்துப் போகிறேன். என் எண்ணத்தில் இந்த வழக்கின் விடை அங்கேதான் இருக்கிறது.

ஸ்கொட்லாந்துத் தண்ணீர் தனியாரிடம் போகவில்லை. ஏன்? அப்போது அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பிரதமர், ஒரே நாடாளுமன்றம். காசு போடக் காத்திருந்தவர்களும் அதே ஆட்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜோன் மேஜர் அரசாங்கம் அங்கேயும் தண்ணீர்ச் சேவையை மாற்றி அமைக்கத் திட்டம் போட்டது. 1994 மார்ச்சில் கிளாஸ்கோவை உள்ளடக்கிய ஸ்ட்ராத்கிளைட் பிராந்திய சபை தபால் மூலம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. வாக்காளர்களில் ஏறக்குறைய 71 வீதத்தினர் வாக்களித்தார்கள். அவர்களில் 97 வீதத்தினர் மாற்றத்துக்கு எதிர்ப்பு. அதற்குச் சட்ட வலு எதுவும் இல்லை, வெறும் கருத்துத்தான். ஆனாலும் அரசாங்கம் விற்கவில்லை, தண்ணீரை மூன்று பொது அமைப்புகளிடம் கொடுத்தது. 2002இல் அவை ஸ்கொட்டிஷ் வோட்டர் என்று ஒன்றாயின, இன்றும் பொதுச்சொத்து.

இந்த உதாரணம் தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் இடிக்கும். முதலாளித்துவம் மட்டுமே காரணம் என்றால் ஸ்கொட்லாந்துத் தண்ணீரும் போயிருக்க வேண்டும். அரசியல்வாதி மட்டுமே காரணம் என்றாலும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் அரசியல்வாதிகள் அதே ஆட்கள். சட்டம் கதவைத் திறந்தது, பணம் உள்ளே வந்தது. ஸ்கொட்லாந்தில் கதவுக்குக் குறுக்கே சனம் நின்றது. எங்கள் இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பேரேடு சமப்படாது. இந்த வழக்கிலும் தகப்பன் ஒரு பக்கத்தை எழுதினார், மகள் மறு பக்கத்தை எழுதினாள்.

பொதுச்சொத்து என்றால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் மழைக்குக் கழிவுநீர் ஆற்றில் விழுகிறது, அதை அளக்கும் கருவிகள் நீண்டகாலம் இங்கிலாந்தைவிடக் குறைவாகவே இருந்தன. வேல்ஸில் 2001 முதல் பங்குதாரரே இல்லாத அமைப்பு தண்ணீர் கொடுக்கிறது. அவர்களும் நீர்க் கசிவு பற்றிப் பிழையான கணக்குக் கொடுத்து அகப்பட்டார்கள். கணக்கைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் எந்த நிறமான கொடியின் கீழும் இதுதான் நடக்கும். இது என் தொழில் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கையெழுத்துப் பயம். பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு இணையம் வழியாக அனுப்பும் மனுவில் பிரித்தானியக் குடிமகனோ இங்கு வசிப்பவரோ கையெழுத்திடலாம். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பரிசீலிப்பார்கள். மனுவைத் தொடக்கியவரின் பெயர்தான் வெளியே தெரியும், கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை. தெருவோர மேசையில் எழுதும் தாள் வேறு விடயம். அது அந்தக் கட்சியின் கையில் போகிறது. பெயரோடு தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தால் பிறகு அவர்கள் அழைப்பார்கள், சந்தா கேட்பார்கள். விருப்பம் இல்லாவிட்டால் கொடுக்கத் தேவையில்லை. கையெழுத்து வாங்கும் பிள்ளைகளும் எங்கள் முதியவர்களிடம் அதை முதலே விளக்கிச் சொல்ல வேண்டும். அது மரியாதை.

வழக்கு எப்படி முடிந்தாலும் கட்டணம் கட்ட வேண்டியது நாங்கள்தான். கட்டச் சிரமப்படுபவர்கள் பேசாமல் இருக்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு தண்ணீர்க் கம்பனியும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகைக் கட்டணம் வைத்திருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். வோட்டர்ஷுவர் என்ற திட்டமும் உண்டு. வீட்டில் நீர்மானி இருந்து, வருமானம் பார்த்துக் கொடுக்கும் அரச உதவிப்பணம் பெற்று, படிக்கும் 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அதிகம் தண்ணீர் தேவைப்படும் நோய் ஒருவருக்கு இருந்தால், உங்கள் கட்டணத்துக்கு ஒரு உச்ச வரம்பு வைப்பார்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் நிலையத்துக்கு அழையுங்கள். சனிக்கிழமை பின்னேரம் நான் அங்கேதான் இருப்பேன்.

அந்த அண்ணை போன வாரமும் அழைத்தார். மகளை மறித்தீர்களா என்று கேட்டேன். மறிக்கவில்லையாம். ஆனால் மழை பெய்தால் மட்டும் மேசையை மடித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம். "நான் எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில நிண்டு பாக்கிறனான், அவளுக்குத் தெரியாது" என்றும் சொன்னார்.