மினி பிசி: ஒண்ணு வரவழைக்கலாம், பத்து விற்க முடியாதா? என்னதான் சிக்கல்?

மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடக் கூடிய குட்டி கம்ப்யூட்டர்தான் மினி பிசி. வீட்டிலேயே சொந்தமா சர்வர் வைக்க நினைக்கும் ஆர்வலர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வெளிநாட்டில் கிடைக்கும் பல மாடல்கள் நம்ம ஊர் கடைகளுக்கு வருவதில்லை. லேப்டாப் தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே இருந்தும் சென்னைவாசிகளுக்கும் இதே கதைதான். ஏன்?

என்ன விதி?

2023 ஆகஸ்ட் 3-ம் தேதி, லேப்டாப், டேப்லெட், ஆல்-இன்-ஒன் பிசி, மிகச் சிறிய கம்ப்யூட்டர், சர்வர் ஆகியவற்றின் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் மறுநாளே அவகாசம் தரப்பட்டது. பிறகு நவம்பர் 1 முதல், ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி பெறும் முறை வந்தது. இந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

யாருக்கு அடி?

பெரிய நிறுவனங்கள் அனுமதி வாங்கிவிடும். மாட்டிக்கொள்வது சின்ன இறக்குமதியாளர்கள்தான். அனுமதி மட்டும் போதாது, பிஐஎஸ் பதிவும் வேண்டும். அது விற்பவர் பெயரில் கிடைக்காது. தயாரிப்பாளரே, எந்தத் தொழிற்சாலையில் தயாரிக்கிறாரோ அதற்குப் பதிவு வாங்கணும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் இந்தியாவில் ஒரு பிரதிநிதியையும் நியமிக்கணும். கூடவே வரும் பவர் அடாப்டருக்கும் தனிப் பதிவு தேவை. ஐம்பது, நூறு பீஸ் விற்பதற்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகுமா?

இங்கேயே தயாரிக்கலாமே?

அரசு எதிர்பார்ப்பதும் அதுதான். 2023 மே மாதம், கம்ப்யூட்டர் தயாரிப்புக்கு 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் ஆலை இயங்குகிறது. ஃப்ளெக்ஸ் ஆலையில் ஹெச்பி லேப்டாப்கள் தயாராகின்றன. ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழிற்பேட்டைகளின் பலமே மொத்த உற்பத்திதான். சில நூறு பேர் மட்டுமே வாங்கும் மாடலுக்காக ஒரு லைனை ஒதுக்கினால் லாபம் நிற்காது.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரை, ஆன்லைனில் வாங்கி தபாலிலோ கூரியரிலோ வரவழைத்தால் இறக்குமதி உரிமம் தேவையில்லை. வரி மட்டும் கட்டணும். ஆராய்ச்சி, சோதனைக்காக என்றால் ஒரு சரக்குக்கு 20 வரை கொண்டு வரலாம். ஆனால் அவற்றை விற்கக் கூடாது. வேலை முடிந்ததும் அழிக்கணும் அல்லது திருப்பி அனுப்பணும். மதர்போர்டு, ரேம் போன்ற உதிரி பாகங்களுக்கு இந்த உரிமக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் பாகங்களை வாங்கி, தாங்களே சேர்த்து அசெம்பிள் செய்வதும் ஒரு வழி.

வாங்கும் முன் இதைப் பாருங்க

ஒன்றுக்கு மட்டும் உள்ள இந்தச் சலுகை, கடை போட்டு விற்பவர்களுக்குப் பொருந்தாது. எனவே உள்ளூரில் 'இம்போர்ட்டட் பீஸ்' என்று யாராவது விற்றால், அதில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியான எண்தானா என்பதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.