தெருவில் நிற்கும் கலை

கலை என்றால் பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்குவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பினாங்கு ஜார்ஜ் டவுனுக்குப் போய் வந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

2008-இல் அந்நகரை யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. மறு ஆண்டு, நகரின் கதையைத் தெருவிலேயே காட்டுவதற்கு மாநில அரசு ஒரு போட்டி வைத்தது. வென்ற திட்டப்படி இரும்புக் கம்பியைக் கோடுபோல் வளைத்து, 52 கேலிச் சித்திரங்களைச் செய்து, சுவர்களில் பொருத்தினார்கள். ஒன்று, 1867-ஆம் ஆண்டுக் கலவரத்தில் பீரங்கிக் குண்டு துளைத்த கதையைச் சொல்கிறது. இன்னொன்று, காலணி செய்யப் பழகி உலகப் புகழ் பெற்ற ஜிம்மி சூவைக் காட்டுகிறது. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரு பிள்ளைகளை வரைந்து, மெய்யான சைக்கிளையே அதில் பொருத்தினார்.

இவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் வெயிலிலும் மழையிலும் சாயம் மங்கும், கம்பி துருப்பிடிக்கும். பேணினால்தான் நிலைக்கும்.

காடழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன் பாட்டியின் கதையும் அப்படித்தான். முதியோரிடம் இன்றே கேட்போம். பிள்ளைகளை வரையச் சொல்வோம். நாம் சொல்லாத கதையை எந்தக் கலைஞர் வரைவார்?