கழலை வெட்டிய பின் வரும் அறிக்கை

கழுத்தில் வீக்கமாகத் தெரியும் கழலை எமது கிராமங்களுக்குப் புதிய நோயன்று. பெண்களிடமே இது கூடுதலாகக் காணப்படுகின்றது. பெரும்பாலான கழலைகள் புற்றுநோய் அல்ல. விழுங்கக் கஷ்டம், மூச்சுமுட்டு போன்றவை ஏற்படும்போது சத்திரசிகிச்சை மூலம் தைரொயிட் சுரப்பியின் ஒரு பாதியையோ முழுவதையுமோ வைத்தியர்கள் அகற்றுகின்றனர். காயம் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று நாம் வீடு திரும்புகின்றோம். ஆனால் ஒரு வேலை மிச்சமிருக்கின்றது.

அகற்றிய சுரப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும். அங்கே அதை மெல்லிய துண்டுகளாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இதன் அறிக்கை வரச் சில வாரங்கள் செல்லலாம். நூற்றில் சிலருக்கு, எவரும் எதிர்பாராத சிறு புற்றுநோய் அந்த அறிக்கையில் தெரியவரும்.

ஏன் முன்னரே தெரியவில்லை?

நெல் வாங்க வருபவர் மூடையில் ஊசி குத்திச் சில மணிகளை எடுத்துப் பார்ப்பார். மூடையின் மூலையில் கிடக்கும் ஒரு பிடி கருக்காய் அவர் கண்ணில் படாது. சத்திரசிகிச்சைக்கு முன் செய்யும் ஊசிப் பரிசோதனையும் இப்படியே. சில மில்லிமீற்றர் அளவான புற்றை அது தவறவிடலாம். இது வைத்தியரின் கவனயீனம் என்று எண்ண வேண்டியதில்லை.

எவ்வளவு ஆபத்தானது?

இப்படிக் காணப்படுபவற்றிற் பெரும்பாலானவை 'பப்பிலரி' என்னும் வகையைச் சேர்ந்தவை. மிக மெதுவாக வளர்பவை. 1985இல் பின்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில், இறந்த 101 பேரின் தைரொயிட் சுரப்பிகளைப் பரிசோதித்தபோது 36 பேரிடம் இவ்வகைச் சிறு புற்று இருந்தது. தம்மிடம் அது இருப்பதை அறியாமலே அவர்கள் வாழ்ந்திருந்தார்கள்.

புற்று ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவாக, சுரப்பிக்குள்ளேயே அடங்கி, கழுத்து நெறிகளுக்குப் பரவாதிருந்தால், பலருக்கு வேறு சிகிச்சை தேவைப்படாது. கிளினிக்கில் தொடர்ந்து காட்டினாற் போதும். பெரிதாக இருந்தாலோ பரவியிருந்தாலோ மீதிச் சுரப்பியையும் அகற்றவும், கதிரியக்க அயடீன் கொடுக்கவும் நேரலாம். அப்போதும் பெரும்பாலானோர் நல்ல சுகம் பெறுகின்றனர். இது தொற்றுநோய் அல்ல. ஒரே கோப்பையில் உண்பதால் எவருக்கும் வராது.

ஆகவே அஞ்ச வேண்டியது அறிக்கைக்கு அல்ல. அது எமது கைக்கு வராமற் போவதற்கே. முகாமிலிருந்து உறவினர் வீட்டுக்கும், அங்கிருந்து வேறிடத்துக்கும் மாறும் குடும்பங்களை ஆஸ்பத்திரிக் கடிதம் தேடிப் பிடிப்பது கடினம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீடு திரும்புமுன், அறிக்கையை எப்போது, எங்கே பெறலாம் என்று கேட்டறிவோம். கடிதம் வரவில்லை என்றால் நோய் இல்லை என்று எண்ணாமல் நேரிற் சென்று கேட்போம்.

2. இடம் மாறினால் புதிய விலாசத்தைக் கிளினிக்கில் பதிவு செய்வோம்.

3. அறிக்கையையும் ஆஸ்பத்திரி தந்த அட்டையையும் பிரதியெடுத்து, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பொலித்தீன் பையில் வைப்போம். எந்த ஊரிலும் புதிய வைத்தியருக்கு அவையே வழிகாட்டி.

4. சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர் தைரொக்சின் குளிசையை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ கொள்ள வேண்டும். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

5. சத்திரசிகிச்சைக்குப் பின் விரல்களிலோ வாயைச் சுற்றியோ விறைப்பு, கைகால் இழுப்பு ஏற்பட்டால், அது கல்சியக் குறைவாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

6. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கதிரியக்க அயடீன் கொடுக்கலாகாது. வைத்தியரிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விதைப்பு, அறுவடை என்று கிளினிக் நாளைத் தள்ளிப்போடுவது எமது வழக்கம். கழலை வெட்டியவர் வீட்டில் இருந்தால், அறிக்கை வந்ததா என்று இன்றே கேட்போம்.