70 கொண்டை ஊசி வளைவுகள்... மடியில் ஒரு நாய்க்குட்டி! - முதன்முறை ஃபாஸ்டர் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழகிய பெரியவர்களே புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு ஏறும் பாதை அது. பிறந்து ஒன்றரை மாதமே ஆன ஒரு நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே பாதையில் போவதென்றால்? குட்டி வாந்தி எடுக்கும், நடுங்கும், கத்தும். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும்.

நாய்க்குட்டியை நிரந்தரமாகத் தத்தெடுப்பது ஒரு வகை. அதற்கு ஒரு நல்ல வீடு கிடைக்கும்வரை சில வாரங்களோ, சில மாதங்களோ நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. இதைத்தான் 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, பழக்கம் பழையது.

1959-ம் ஆண்டு. சென்னை தி.நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தார் விமானி கேப்டன் வி.சுந்தரம். அவர் மனைவி உஷாவும் விமானிதான். அந்தக் குட்டிகளுக்கு அந்த வீட்டில் கிடைத்த இடம்தான், 'ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா' என்ற அமைப்பின் தொடக்கம். தெருநாய்களைக் கொல்வதற்கு பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை 1960-களிலேயே முன்வைத்த அமைப்பு அது. இன்று நாடு முழுக்க நடைமுறையில் இருக்கும் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளுக்கும் அடிப்படை அந்த யோசனைதான்.

எல்லா வீடும் அமைப்பாக மாற வேண்டியதில்லை. ஒரு குட்டி பிழைத்தால் போதும். அதற்கு என்ன செய்ய வேண்டும்?

தூக்கும் முன் காத்திருங்கள்

சாலையோரம் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் தூக்கிவிடக் கூடாது. தாய் நாய் இரை தேடிப் போயிருக்கலாம். ஆபத்தில்லாத இடம் என்றால், தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். மனிதர்கள் பக்கத்தில் நின்றால் தாய் வராது. எட்டு வாரம்வரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருப்பதுதான் குட்டிக்கு நல்லது. தாய் இறந்துவிட்டது, அல்லது குட்டிக்கு அடிபட்டிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் எடுங்கள்.

குட்டியின் வயதைக் கண்டுபிடிப்பதும் எளிதுதான். கண் திறக்கவில்லை என்றால் பிறந்து இரண்டு வாரத்துக்குள் இருக்கும். பால் பற்கள் முளைக்கத் தொடங்கியிருந்தால் மூன்று வாரம் தாண்டியிருக்கும்.

மலைப்பாதைப் பயணம்

கிளம்பும் முன் வயிறு நிறைய ஊட்டாதீர்கள். அதற்காகப் பல மணி நேரம் பட்டினியும் போடக் கூடாது. சின்னக் குட்டிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டெனக் குறைந்துவிடும். இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பழைய வேட்டியையோ சேலையையோ விரித்து அதில் வையுங்கள். டூ வீலரில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுபோவது வேண்டாம். வண்டி மெதுவாகப் போகட்டும். நடுவில் நிறுத்தினால் குட்டியைத் தரையில் விடாதீர்கள். மலைப்பாதையில் குரங்குகள் உண்டு. மற்ற நாய்களின் கழிவிலிருந்து நோயும் தொற்றலாம்.

முதல் இரவு

கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமவெளியில் ஃபேன் போட்டுத் தூங்கும் நாளிலும் இங்கே கம்பளி தேவைப்படும். மூன்று, நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளால் உடல் சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ள முடியாது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணியில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும்.

முக்கியமான விஷயம், உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது. குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. முதலில் உடம்பைச் சூடாக்குங்கள், பிறகு பால்.

இரவெல்லாம் குட்டி அழும். அது அடம் அல்ல. தாயின் சூடும் உடன்பிறப்புகளின் வாசனையும் திடீரென இல்லாமல் போன பயம். முதல் சில நாள்கள் பெட்டியை உங்கள் படுக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர்தான் சிறந்தது. கிடைக்காவிட்டால் என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் போனிலாவது கேளுங்கள். பால் புகட்டும்போது குட்டி குப்புறப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். கைக்குழந்தை போல மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நான்கு வாரத்துக்குப் பிறகு குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி எனக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். உப்பு, காரம், மசாலா கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். கொல்லிமலை வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலில் காயும் காபிக்கொட்டையைக் குட்டி கடித்துத் தின்றால், அதிலுள்ள காஃபின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

14 நாள் தனி இடம்

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதுக் குட்டியைக் குறைந்தது 14 நாள்கள் தனி இடத்தில் வையுங்கள். பார்வோ என்ற வைரஸ்தான் காரணம். சோர்வு, வாந்தி, ரத்தம் கலந்த நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அறிகுறிகள். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். 'காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் காலையில் குட்டி இருக்காது. மலையிலிருந்து இறங்கவே நேரமாகும் என்பதால், அறிகுறி தெரிந்த உடனே கிளம்பிவிட வேண்டும். அருகில் எந்த அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது, எந்த நேரம் திறந்திருக்கும் என்பதைக் குட்டி வரும் முன்பே விசாரித்து வையுங்கள். நாமக்கல்லில் 1985-ல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இந்த மலைக்காரர்களுக்குப் பெரிய பலம். கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் 1962.

குடற்புழு நீக்க மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாத வயதுவரை கொடுக்கச் சொல்வார்கள். பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான முதல் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். வெறிநோய் தடுப்பூசி மூன்று மாதத்தில். எந்த நாளில் எந்த ஊசி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல் பட்டால்... நகம் கீறினால்?

'சின்னக் குட்டிதானே' என்ற அலட்சியம் மட்டும் வேண்டவே வேண்டாம். குட்டிகளுக்கும் வெறிநோய் வரலாம். அறிகுறி தெரிந்த பிறகு மனிதர்களைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆனால், உடனே கவனித்தால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

பல் பட்டாலோ, நகம் கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். சொன்ன தேதிகளில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடிக்க வேண்டும். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வருவதற்கு முன், தென்னிந்தியாவில் நாய் கடித்தவர்கள் சிகிச்சைக்காக இமயமலை அடிவாரத்து கசௌலிவரை போக வேண்டியிருந்தது. இன்று ஊசி பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. வீட்டுக் குழந்தைகள், 'திட்டுவார்களோ' என்று கீறலை மறைக்காமல் சொல்லும்படி முதல் நாளே பேசிவைப்பது பெற்றோரின் வேலை.

யார் பார்த்துக்கொள்வது?

'அம்மா, பாவம்மா...' என்று குட்டியைத் தூக்கி வருவது பிள்ளைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து, ஈரத்துணியை மாற்றி, தரையைத் துடைப்பது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். எனவே, குட்டி வீட்டுக்குள் வரும் முன்பே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவுப் பால் ஒருவர், சுத்தம் ஒருவர், மருத்துவரிடம் அழைத்துப்போக ஒருவர். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை.

கூடவே ஒரு நோட்டு. தினமும் எடை, சாப்பிட்ட அளவு, மலம், கொடுத்த மருந்து, ஊசி போட்ட தேதி ஆகியவற்றை எழுதுங்கள். எடை நாளுக்கு நாள் கூடினால் குட்டி தேறுகிறது என்று அர்த்தம். ஒரு நாள் குறைந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள். எவ்வளவு கவனித்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. அதை மறைக்காமல், இதமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதே நல்லது.

கொடுக்கத் தெரிய வேண்டும்

ஃபாஸ்டரில் எல்லோரும் தடுமாறும் இடம் கடைசி நாள்தான். பெயர் சொன்னால் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் குட்டியை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வராது. 'நாமே வைத்துக்கொள்வோம்' என்று முடிவெடுப்பதில் தவறில்லை. அடுத்த 12, 15 வருடங்களுக்கு உங்களால் முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், நல்ல வீட்டுக்குக் கொடுப்பதுதான் அந்தக் குட்டிக்குச் செய்யும் உதவி. வளர்த்த பிறகு தெருவில் விட்டுவிடுவது மட்டும் கூடாது. தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். குட்டியைப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவார்களா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, உரிய வயதில் கருத்தடை செய்வார்களா என்று கேளுங்கள். பெண் குட்டி என்பதற்காக வேண்டாம் என்பவர்களிடம், கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை அவர்கள் வீட்டை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

குட்டியோடு அந்த நோட்டையும், அது படுத்துத் தூங்கிய பழைய சேலைத் துணியையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். புது வீட்டின் முதல் இரவில் பழகிய வாசனை பக்கத்தில் இருந்தால், குட்டி கொஞ்சம் குறைவாக அழும்.