தோற்றுப் பின்வாங்கிய படை ஜெயித்தது எப்படி? - டீம் லீடர்களுக்கு ஜெனரல் ஸ்லிம்மின் 4 பாடங்கள்

டார்கெட் எட்டவில்லை. பட்ஜெட்டில் வெட்டு. டீமில் பாதிப் பேர் வேறு வேலை தேடுகிறார்கள். இந்த நேரத்தில் தலைமைப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால்? 1943 அக்டோபரில், இதைவிட மோசமான நிலையில்தான் பிரிட்டிஷ் ஜெனரல் வில்லியம் ஸ்லிம் 14-வது ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார்.

முந்தைய ஆண்டுதான் ஜப்பானிடம் தோற்று, பர்மாவில் சுமார் 1,450 கி.மீ. பின்வாங்கி இந்தியா வந்து சேர்ந்திருந்தன பிரிட்டிஷ், இந்தியப் படைகள். லண்டனுக்கு ஐரோப்பியப் போர்தான் முக்கியம். எனவே பெரும்பாலும் இந்திய வீரர்களைக் கொண்ட 14-வது ராணுவத்துக்கு எதுவுமே கடைசியில்தான் வந்தது. ஆனாலும் 1944-ல் இம்பால், கோஹிமாவில் ஜப்பானைத் தோற்கடித்தது இந்தப் படை. 1945 மே மாதம் ரங்கூனும் கைக்கு வந்தது.

எப்படி சாத்தியமானது?

1. உண்மையான பிரச்சினை எது?

1943-ல் காயத்தால் ஒருவர் களத்தை விட்டு வெளியேறினால், நோயால் 120 பேர் வெளியேறினார்கள். முக்கியக் காரணங்களில் ஒன்று மலேரியா. தடுப்பு மாத்திரை இருந்தும் பலர் விழுங்கவில்லை. ஸ்லிம் திடீர் சோதனைகள் நடத்தினார். 95 சதவீதம் பேராவது மாத்திரை எடுத்திருக்காவிட்டால், பதவி போவது சிப்பாய்க்கு அல்ல, கமாண்டிங் ஆபீசருக்கு. மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

2. இல்லாததுக்குப் புலம்பாதீர்கள்

உணவு, வெடிமருந்தை விமானத்திலிருந்து போட பாராசூட் போதவில்லை. கல்கத்தா சணல் ஆலைகளிடம் பேசி, சணலிலேயே செய்ய வைத்தார். வழக்கமான பாராசூட் 20 பவுண்டுக்கு மேல். இது சுமார் 1 பவுண்டு. ஆளை இறக்க உதவாது. மூட்டையை இறக்க அது போதுமே!

3. கஷ்டம் எல்லோருக்கும்தான்

முன்வரிசை வீரர்களுக்கு அரை ரேஷன் என்றால், தலைமையகத்திலும் அரை ரேஷன்தான். ஊழியருக்கு இன்கிரிமென்ட் இல்லை, மேலதிகாரிக்கு மட்டும் போனஸ் என்கிற கம்பெனிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

4. ‘தப்பு என்னுடையது’

கோஹிமாவுக்கு ஜப்பானின் ஒரு ரெஜிமென்ட்தான் வர முடியும் என்று கணக்குப் போட்டார். வந்ததோ முழு டிவிஷன். அவருடைய தவறைச் சரிக்கட்டியது வீரர்களின் பிடிவாதம். 1956-ல் வெளியான நினைவு நூலில் ஸ்லிம் இதை மறைக்காமல் எழுதினார். உளவுத் துறை மீதோ கீழே இருந்தவர்கள் மீதோ பழியைப் போடவில்லை.

ஒரு எச்சரிக்கை

ஆபீஸ் போர்க்களம் இல்லை. சிப்பாயால் ராஜினாமா செய்ய முடியாது. உங்கள் டீமில் இருப்பவரால் முடியும். ‘ராணுவக் கட்டுப்பாடு’ என்ற பெயரில் அதட்டினால், முதலில் கிளம்புவது திறமையானவர்தான். ஸ்லிம்மிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகாரத்தை அல்ல. அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் ‘யார் சொதப்பியது?’ என்பதற்கு முன்னால், ‘இதில் என் பங்கு என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். டீம் பேசத் தொடங்கும்.