சி10கே சிக்கல்

சி10கே சிக்கல் என்பது, ஒரு வழங்கிக் கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைக் கையாளும் வகையில் மென்பொருளை அமைப்பதில் உள்ள இடர்ப்பாட்டைக் குறிக்கும். மென்பொருள் பொறியாளர் டான் கேகல் 1999 ஆம் ஆண்டில் இப்பெயரை அறிமுகப்படுத்தினார். பெயரில் உள்ள 'சி', 'ஒரே நேரத்தில்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து ஆகும். '10கே' பத்தாயிரத்தைக் குறிக்கும்.

பின்னணி

1000 மெகாஹெர்ட்ஸ் செயலி, 2 கிகாபைட் நினைவகம், வினாடிக்கு 1000 மெகாபிட் வேகமுள்ள வலையமைப்பு அட்டை ஆகியவற்றைக் கொண்ட ஒரு கணினியைக் கேகல் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அதனை 20,000 பயனர்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 100 கிலோபைட் நினைவகமும் வினாடிக்கு 50 கிலோபிட்டும் கிடைக்கும். சிறிய கோப்பொன்றை அனுப்ப இது போதுமானது. எனவே தடை வன்பொருளில் இல்லை, மென்பொருளின் அமைப்பில்தான் உள்ளது என்பது அவரது கருத்து.

காரணங்கள்

அக்கால வலை வழங்கிகள் பல, ஒவ்வோர் இணைப்புக்கும் தனியான ஒரு செயல்முறையையோ இழையையோ ஒதுக்கின. மெதுவான இணைப்புடைய பயனருக்காக அது பெரும்பாலான நேரம் வெறுமனே காத்திருந்தது. 32 பிட் கணினியின் முகவரி வெளி 4 கிகாபைட் மட்டுமே. இழை ஒன்றுக்கு 2 மெகாபைட் அடுக்கு ஒதுக்கினால் 2048 இழைகளிலேயே அது முழுவதும் தீர்ந்துவிடும்.

ஒரே இழையில் பல இணைப்புகளைக் கவனிக்க உதவிய செலக்ட், போல் ஆகிய அழைப்புகளும் போதுமானவையாக இல்லை. இவை ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளையும் சோதித்தன. ஐயம் உள்ள மாணவரை அறிய, ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலுள்ள எல்லாப் பெயர்களையும் அழைத்துக் கேட்பதை இது ஒத்தது.

தீர்வுகள்

கை தூக்கிய மாணவரை மட்டும் கவனிப்பது போல, தரவு வந்த இணைப்புகளை மட்டும் தெரிவிக்கும் வசதிகள் பின்னர் உருவாயின. பிரீபிஎஸ்டி இயக்குதளத்தில் 2000 இல் கேகியூவும், லினக்ஸில் 2002 இல் ஈபோலும் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பயன்படுத்தும் எஞ்சின்எக்ஸ் வழங்கியை ரஷ்யாவின் ஈகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்டார்.

நிரலாளர்களின் இடர்கள்

நிகழ்வு சார்ந்த இம்முறை கணினியின் சுமையைக் குறைத்தாலும் நிரலாளரின் சுமையைக் கூட்டியது. வரிசையாக எழுதப்பட்ட நிரலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு துண்டை எழுத வேண்டியிருந்தது. தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்திருக்கும் பழைய நிரலகம் ஒன்றை அழைத்தாலே அந்த இழையைச் சார்ந்த இணைப்புகள் அனைத்தும் நின்றுவிடும். பிழை ஏற்பட்டால் அது எங்கிருந்து தொடங்கியது எனக் கண்டறிவதும் கடினம். 2009 இல் வெளியான நோட்.ஜேஎஸ் இம்முறையைப் பரவலாக்கியபோது இவ்விடர்களும் பரவின.

நிரல்மொழிகளே பின்னர் இச்சுமையை ஏற்றன. ஜாவாஸ்கிரிப்டின் 2017 ஆம் ஆண்டுச் செந்தரத்தில் சேர்ந்த அசிங்க், அவெயிட் ஆகிய சொற்களும், 2023 இல் ஜாவா 21 இல் நிலைபெற்ற மெய்நிகர் இழைகளும், வரிசையான நிரலைக் கொண்டே பல்லாயிரம் இணைப்புகளைக் கையாள உதவுகின்றன.

பிற்கால நிலை

எர்லாங் மொழியில் எழுதப்பட்ட வாட்ஸ்அப் வழங்கி ஒன்று, 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக அந்நிறுவனம் 2012 இல் அறிவித்தது. 2013 இல் ராபர்ட் கிரகாம், ஒரு கோடி இணைப்புகளைக் குறிக்கும் சி10எம் சிக்கலை முன்வைத்தார். இந்த அளவில் இயக்குதளமே தடையாகிறது என்பது அவரது வாதம்.

இவற்றையும் பார்க்க

வலை வழங்கி
இயக்குதளம்